பிழைச் செய்தியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உதவி மையத்தில் இருப்பவர்களுக்கும், அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கும் வணக்கம்.

"ஸ்கிரீன்ஷாட் இணைக்கப்படாததால் உங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது" என்று நேற்று உங்களிடமிருந்து வந்த மின்னஞ்சலைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். என்ன புகார் என்பது உங்கள் பதிவிலேயே இருக்கிறது, திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். பிழைச் செய்தி வந்தால் நாங்களாக மூடும்வரை அது திரையில் நிற்க வேண்டும், அதிலேயே நகலெடுக்க ஒரு பட்டன் இருக்க வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது? வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கிறது, முதல் வரியைப் படிப்பதற்குள் போய்விடுகிறது. விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் படம் பிடிக்கலாம் என்பது எனக்குத் தெரியும், ஆனால் கை அங்கே போவதற்குள் பெட்டி இருக்காது. விண்டோஸ் அறிவிப்புகளை அமைப்புகளில் போய் 5 நிமிடம்வரை நிற்க வைக்கலாம், உங்கள் மென்பொருள் தானாக வரைந்து காட்டும் பெட்டி அதற்கும் கட்டுப்படுவதில்லை. அப்புறம் அதே பிழை மறுபடி எப்போது வரும் என்று வேலையை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் அம்மா உங்கள் ஆளிடம் ஒரு பிழை எண்ணைப் போனில் படித்துக் காட்டினார். பூஜ்யம், எக்ஸ், எட்டு, பூஜ்யம், பூஜ்யம், ஏழு என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொல்ல, "அது பூஜ்யமா, ஓ எழுத்தா?" என்று கேட்டுக் கேட்டு முதலிலிருந்து படிக்க வைத்தார்கள். அந்த வகை எண்ணில் எக்ஸுக்குப் பிறகு 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும்தான் வரும், ஓ என்ற எழுத்துக்கு இடமே இல்லை. அது உதவி மையத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அம்மா படித்தது 0x80070005, அதாவது அனுமதி மறுக்கப்பட்டது. அதை அந்தப் பெட்டியிலேயே புரிகிற மாதிரி ஒரு வரியில் எழுதியிருந்தால் வயதானவரை இந்தப் பாடு படுத்தியிருக்க வேண்டியதில்லை.

விண்டோஸின் சாதாரணச் செய்திப் பெட்டியில் கண்ட்ரோல், சி அழுத்தினாலே தலைப்பு, செய்தி எல்லாம் எழுத்தாக நகலாகிவிடும். பலருக்கு இது தெரியாது. நீங்களோ அழகுக்காகச் சொந்தமாகப் பெட்டி செய்து அந்த வசதியையும் எடுத்துவிட்டீர்கள். அதனால்தான் மறுபடி சொல்கிறேன், நகலெடுக்க ஒரு பட்டன் வையுங்கள்.

படம் அனுப்பினால் மட்டும் தீர்ந்துவிடுகிறதா? நிர்வாகி அனுமதி கேட்டுத் திரை மங்கும்போது வழக்கமான முறையில் படம் பிடிக்கவே முடியாது. சரி என்று போன் கேமராவில் எடுத்து அனுப்பினால் "தெளிவாக இல்லை" என்று பதில் வருகிறது. முழுத் திரையும் வேண்டும் என்கிறீர்கள், அதில் என் கடிதங்களும் கணக்கு விவரங்களும் திறந்து கிடக்கும், அதை யார் யார் பார்ப்பார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. இவ்வளவுக்கும் பிறகு "பிழை எண்ணை டைப் செய்து அனுப்பவும்" என்று இன்னொரு மடல் வருகிறது. எழுத்துதான் வேண்டுமென்றால் அதை முதலிலேயே எழுத்தாகக் கொடுக்க உங்கள் மென்பொருளுக்கு என்ன தடை?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனை எடுப்பவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்களும் கொடுத்த படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள். கணினியில் நடப்பதையும் பிழைகளையும் விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பகுதியில் அந்தப் பிழை பதிவான நேரத்தையும் விவரத்தையும் நகலெடுத்து உங்களுக்கு எழுத்தாகவே அனுப்பியிருக்கிறேன். படம் இல்லை என்று தள்ளிவிடாமல், தயவுசெய்து அதை வைத்து என் புகாரைத் திரும்பத் திறங்கள். அடுத்த பதிப்பில் அந்தப் பட்டனையும் வைத்துவிடுங்கள்.