மான் தின்ற கடைசிப் பக்கம்

நாரா, ஜப்பான்,
நவம்பர் இரண்டாம் வாரம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முக்கால்வாசிதான் படித்தேன், மீதியை மான் தின்றுவிட்டது. பொய் இல்லை, கேள். தபால்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பூங்காவுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ‘முக்கியமான விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்’ என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தாய் அல்லவா? அங்கே நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண்மான் தலையை நீட்டி நான்காம் பக்கத்தை இழுத்துவிட்டது. நான் பிடுங்கியதில் மிஞ்சியது ஒரு மூலைதான். அதில் உன் கையெழுத்து, அதற்கு மேலே ‘மார்ச்சுக்குள்’ என்று ஒரு சொல்.

யாரிடம் போய்ப் புகார் சொல்வது? இந்த ஊர் மான்கள் காசுகா கோயில் தெய்வத்தின் தூதர்கள். போதாக்குறைக்கு 1957 முதல் அரசாங்கமும் அவற்றை இயற்கைச் சின்னமாக அறிவித்துப் பாதுகாக்கிறது. 1,300-க்கு மேற்பட்ட மான்கள், கட்டும் இல்லை, பட்டியும் இல்லை. சுற்றுலா வருகிறவர்களின் வரைபடத்தைத் தின்னும்போது இருபத்திரண்டு வருடமாகச் சிரித்திருக்கிறேன். இப்போது என் முறை.

அக்டோபரில் கொம்பு வெட்டுவதைப் பார்க்கப் போயிருந்தேன். ஆண்மான்களுக்கு இது ஜோடி தேடும் காலம், முட்டித் தள்ளிவிடும் என்பதால் காலங்காலமாக வெட்டுகிறார்கள். நம் பக்கத்து மஞ்சுவிரட்டு மாதிரி கூட்டம், கூச்சல். ஏழெட்டுப் பேர் விரட்டிக் கொம்பில் கயிறு போட்டு, இழுத்துப் பாயில் கிடத்துகிறார்கள். அப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம். கறுப்புத் தொப்பி வைத்த பூசாரி வந்து, மிரண்டு கிடக்கும் மானின் வாயில் முதலில் தண்ணீர் ஊற்றுகிறார். பிறகு சாதாரண ரம்பத்தால் அறுக்கிறார். இந்தப் பருவத்தில் கொம்பில் உயிர் இல்லை, நகம் வெட்டுவது போலத்தான். விட்டதும் மான் எழுந்து, தலை இலேசானது புரியாமல் ஒரு நிமிடம் நின்றது. மொட்டைபோட்டுக்கொண்டு வந்த அன்று நீ நின்ற மாதிரி.

இலைகள் இப்போதுதான் நிறம் மாறுகின்றன. எல்லோரும் மேப்பிளைப் பார்க்கக் கியோத்தோவுக்கு ஓடுகிறார்கள், ரயிலில் நிற்க இடமில்லை. எனக்கு இங்கே ‘நான்கின் ஹாஜே’ போதும். சீனாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். ஒரே மரத்தில் மஞ்சள், சிவப்பு, கத்தரிப்பூ நிறம் எல்லாம் சேர்ந்து வரும். பூங்காவில் மற்ற மரங்களைப் பார், மானின் வாய் எட்டும் உயரம் வரை இலையே இருக்காது, அளவு வைத்து வெட்டியதுபோல. இந்த மரத்தை மான் தொடுவதில்லை, அதனால் கண்ட இடத்திலும் முளைத்துப் பரவிவிட்டது. உள்ளூர் மரங்களுக்கு இடைஞ்சல் என்று சிலருக்கு இதன்மேல் கோபம். வெளியூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவன் நான், அந்தக் கோபத்தில் சேர முடியவில்லை.

ஷோசோயின் கண்காட்சிக்கும் போய்வந்தேன். 756-இல் ஷோமு சக்கரவர்த்தி இறந்தபின் அவர் மனைவி, பேரரசி கோம்யோ, அவருடைய பொருள்களைத் தோதாய்ஜி கோயிலுக்குக் கொடுத்தார். அதில் தொடங்கிய கருவூலம் அது. சுமார் 9,000 பொருள்களில் அறுபது சொச்சத்தை மட்டும் வருடத்துக்கு இரண்டரை வாரம் காட்டுவார்கள். ஒரு முறை காட்டியதைப் பொதுவாகப் பத்து வருடத்துக்காவது மறுபடி எடுப்பதில்லை. என் வயதில் இது கொஞ்சம் பயமுறுத்தும் கணக்கு. அடுத்த தடவை எனக்கு எத்தனை வயது என்று ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்பும் மனசு கூட்டிப் பார்க்கிறது.

அங்கே நான் பார்த்ததிலேயே மறக்க முடியாதது ஒரு தூரிகையும் நீல நூலும். 752-இல் தோதாய்ஜி பெரிய புத்தருக்குக் கண் திறந்தபோது பயன்பட்டவை. தூரிகை அரை மீட்டருக்கு மேல் நீளம். அதில் கட்டிய பட்டு நூல் 200 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கூடியிருந்தவர்கள் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம், கண் எழுதும் புண்ணியம் எல்லோருக்கும் சேரவேண்டும் என்று. தூரிகை யார் கையில் இருந்தது தெரியுமா? போதிசேனர், தென்னிந்தியாவிலிருந்து வந்த பிராமணத் துறவி. 736-இல் இங்கே வந்தவர் திரும்பிப் போகவே இல்லை, 760-இல் இங்கேயே காலமானார்.

மேற்கே ரியோசென்ஜி கோயிலில் அவருக்கு நினைவுத்தூபி இருக்கிறது. தோமியோ ஸ்டேஷனில் இறங்கி ஆற்றோரமாகப் போன ஞாயிறு நடந்தேன். முட்டி வலிக்குப் பயந்து மெதுவாகத்தான். கோயிலுக்குள்ளேயே ரோஜாத் தோட்டம், இலையுதிர் காலப் பூக்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. அந்தக் குன்றைப் பார்த்து, புத்தர் போதித்த ராஜகிருகத்துக் கழுகுக் குன்று மாதிரி இருக்கிறது என்று போதிசேனர் சொன்னாராம், கோயிலுக்குப் பேர் அப்படித்தான் வந்ததாம். எனக்கு நம் கழுகுமலைதான் ஞாபகம் வந்தது. ஒரு ஒற்றுமையும் கிடையாது, பேர்தான். தூபி முன்னால் யாரும் இல்லை. “என்ன சாமி, சௌக்கியமா?” என்று தமிழில் கேட்டேன். வாய்விட்டுத் தமிழ் பேசி நாலைந்து நாள் ஆகியிருந்தது.

பையில் கொண்டுபோன காகிநோஹாசுஷியை, அதாவது சீமைப்பனிச்சை இலையில் சுற்றிய மீன் சோற்றை, அங்கேயே படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வா. மார்ச்சுக்குள் என்ன? மகள் கல்யாணம் என்றால் தேதியைச் சொல், டிக்கெட் போடவேண்டும். பணம் என்றால் கூச்சப்படாமல் தொகையை எழுது. இங்கே வருகிறாய் என்றால் மார்ச் வேண்டாம், அக்டோபர் கடைசியில் வா. எதுவானாலும் நான்காம் பக்கத்தை மறுபடி எழுதி அனுப்பு. இந்தத் தடவை வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கிறேன்.

உன்
பழைய அறைவாசி