தனியாக பஸ் ஏறும் என் மகனுக்குத் துணை நின்றவர்களுக்கு

என் மகனுக்கு ஆட்டிசம். வயது 21. இப்போது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் ஒரு லாட்ஜில் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறான், சத்துவாச்சாரியிலிருந்து டவுன் பஸ்ஸில், தனியாக. சொந்தக்காரர்கள் "எல்லாம் சாமி புண்ணியம்" என்கிறார்கள். ஜலகண்டேஸ்வரர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன், அதில் பெரும்பங்கு உங்களுடையது. பெயர் போட்டால் சிலருக்குச் சங்கடம் என்பதால் போடவில்லை. உங்களுக்கே தெரியும்.

முதலில் ஸ்பெஷல் எஜுகேட்டர் மிஸ். 18 தாண்டியதும் போன இடமெல்லாம் "நாங்க சின்னப் பசங்களுக்குத்தான்மா" என்று கைவிரித்தபோது, இனி எழுத்துப் பயிற்சி போதும், பஸ் ஏறக் கற்றுக்கொடுப்போம் என்று சொன்னவர் நீங்கள். முதலில் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தீர்கள், அப்புறம் பின்சீட்டுக்குப் போனீர்கள், அப்புறம் பஸ்ஸிலேயே ஏறாமல் இறங்குகிற இடத்தில் போய் நின்றீர்கள், கடைசியில் அங்கேயும் வரவில்லை. வழியில் வருகிற கடைகளைப் போட்டோ எடுத்து வரிசையாக அட்டையில் ஒட்டிக் கொடுத்தீர்களே, அது கிழிந்து நைந்துபோயும் இன்னும் அவன் பையில்தான் இருக்கிறது.

கண்டக்டர் அண்ணா, அவனுக்கு டிக்கெட் இலவசம்தான், ஆனால் அது கையில் வரும்வரை அவனுக்கு இருப்புக்கொள்ளாது. அதைக் கவனித்து, எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் முதலில் அவனுக்குக் கிழித்துக் கொடுக்கிறீர்கள். ஆடிக் கிருத்திகை அன்று பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிட்டார்களாம். "இன்னிக்கு வழிதான் வேற, எறங்குற எடம் அதேதான்" என்று முன்னாடியே அவனிடம் சொல்லிவிட்டீர்கள். இதை எந்தப் பயிற்சியில் கற்றீர்களோ தெரியாது. அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் அவன் நடு ரோட்டில் இறங்கியிருப்பான்.

லாண்டரி அக்கா, உங்களைப் பற்றி எழுதினால் முடியாது. "வா நைனா" என்று ஒரே ஒரு வார்த்தை, அதோடு தொட்டுப் பேசுவது கிடையாது, முதுகில் தட்டுவது கிடையாது. அவனுக்கு அது ஆகாது என்று ஒரு தடவைதான் சொன்னேன். "கொஞ்ச நேரம் கழிச்சு வா" என்றால் அவன் அங்கேயே நிற்பான் என்று புரிந்துகொண்டு, பெரிய முள் ஆறுக்கு வந்ததும் வா என்று மாற்றிச் சொன்னதும் நீங்கள்தான். பெட்ஷீட் எந்த இடத்தில் மடிய வேண்டும் என்று மேஜையில் டேப் ஒட்டினீர்கள், மெஷின் இரைச்சலுக்கு எட்டாத ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தீர்கள். இப்போது வீட்டிலும் நான் மடித்த துணியைப் பிரித்துத் திரும்ப மடிக்கிறான். அது மட்டும் கொஞ்சம் உபத்திரவம்.

லாட்ஜ் ஓனர் ஐயாவுக்கு: பாவம் பார்த்து வேலை கொடுக்காமல், மற்றவர்களுக்கு என்ன சம்பளமோ அதையே கொடுத்து, அவன் பெயரிலேயே கணக்கில் போடுகிறீர்கள். அந்தக் கணக்கைத் திறக்கத்தான் நாங்கள் அலைந்தோம். ஒரு வங்கியில், அவன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கிற கார்டியன் உத்தரவு இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் அதற்கு மனுப் போடலாம்தான். ஆனால் சோஷியல் வொர்க்கர் மேடம், நீங்கள்தான் "அவசரப்படாதீங்கம்மா, அவனே கையெழுத்துப் போடறானே" என்று நிறுத்தி, மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களைப் போலவே தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று சொல்கிற 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 13-வது பிரிவைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தீர்கள். அந்தத் தாளோடு வேறு கிளைக்குப் போனோம், வேலை நடந்தது. இவனை மாதிரிப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பிரிவை ஒரு தடவை படித்து வையுங்கள், 18 ஆனதும் எல்லாரும் கார்டியன் கார்டியன் என்றுதான் பயமுறுத்துவார்கள்.

எங்கள் தெரு ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணன்களே, அவன் போவதும் வருவதும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறீர்களே, அதற்கும் நன்றி.

ஐயா, கடைசியாக ஒன்று. லாட்ஜுக்குப் பெயின்ட் அடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அந்த வாசனை அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. தேதி முடிவானதும் அவனிடமே சொல்லுங்கள், எனக்கு போன் செய்ய வேண்டாம். காலண்டரில் குறித்துக்கொண்டு, எத்தனை நாள் லீவு வேண்டும் என்று அவனே உங்களிடம் கேட்பான்.