சவரக் கணக்கு பாக்கி இருக்கிறது

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்றோடு அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார்கள், பந்தல்காரர் நாற்காலிகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போய்விட்டார், வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. இப்போது எழுதாவிட்டால் அப்புறம் எழுதவே மாட்டேன். என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தப் பன்னிரண்டு நாளும் போனில் என் புலம்பலைக் கேட்டவர்கள்தானே நீங்கள். அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்த ஆறு பேருக்கும் நன்றி, அதில் இரண்டு பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது. நடுராத்திரியில் கூகுள் பேயில் பணத்தைப் போட்டுவிட்டு "அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரு வரி மட்டும் அனுப்பியவர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டிவந்த தம்பிக்கும், அம்மாவை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாத அத்தைகளுக்கும், அடுப்பு எரியாத நாட்களில் மூன்று வேளையும் தூக்குவாளியோடு வந்த எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி. அப்பா வேலை பார்த்த பூட்டுப் பட்டறைக்காரர்கள், அவரை எடுத்த அன்று ஒருவர்கூட வேலைக்குப் போகவில்லை. உருப்படிக்குக் கூலி வாங்குகிறவர்களுக்கு ஒருநாள் மூடுவது என்றால் என்னவென்று அந்த வீட்டில் பிறந்தவன் எனக்குத் தெரியும்.

உங்கள் எல்லோரையும் இப்படி ஒரே மூச்சில் சொல்லி முடித்ததற்குக் கோபப்படாதீர்கள். ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பட்டறைச் சந்து முனையில் ஒற்றை நாற்காலி போட்ட சலூன் ஒன்று உண்டு, எங்கள் ஏரியாக்காரர்களுக்குத் தெரியும். அப்பா ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே போய்விடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இது மாறியதில்லை, தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் எண்ணெய் தேய்ப்பதற்கு முன் அங்கே ஒரு நடை. அந்த அண்ணனோடு எனக்குப் பெரிய பழக்கம் கிடையாது. நான் திருப்பூருக்குப் போய் பதினெட்டு வருடம் ஆகிறது, வரும்போது தெருவில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

அப்பாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி இருக்கும். வார்டு வாசலில் அந்தச் சலூன் அண்ணன் மஞ்சப்பையோடு நிற்கிறார். திண்டுக்கல்லிலிருந்து ஆரப்பாளையம் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, எந்தக் கட்டிடம் என்று நாலு பேரிடம் விசாரித்து வந்திருக்கிறார். நலம் விசாரிக்க வந்தார் என்றுதான் நினைத்தேன். பைக்குள்ளிருந்து துண்டு, பிரஷ், கிண்ணம், கத்தி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "போன வாரம் தவறிப்போச்சு தம்பி. இந்த வாரமும் விடக்கூடாதுல்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு. அன்றைக்கு வந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தினால் ஒரு வார வருமானத்தில் பாதி போச்சு, அது அவருக்குத் தெரியாதா?

நர்ஸம்மாவிடம் அனுமதி கேட்டார். கீழே டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கிவந்தார். ஆக்ஸிஜன் குழாயை நான் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, இரண்டு வாரத் தாடியை அவசரமே இல்லாமல் எடுத்தார். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் மேலுதட்டுக்குக் கத்தி வந்தபோது உதட்டை உள்ளே மடித்துக் கொடுத்தார். நான் பார்த்தேன். அந்த வாரம் டாக்டர்கள் சொன்ன எதையும்விட எனக்குத் தெம்பு கொடுத்தது அதுதான்.

முடித்துவிட்டுக் கத்தியைத் துடைத்தவர் அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சொன்னார்: "எல்லாருக்கும் பாதி பிளேடு போதும் தம்பி. அண்ணனுக்கு மட்டும் எப்பவும் முழுசு ஆகும். ஒரு கன்னத்துக்கே பாதி மழுங்கிப்போகும். தாடிக்குள்ள பூராம் அரப்பொடி. இன்னைக்குப் பாதியிலயே முடிஞ்சிருச்சு."

அதற்குமேல் இரண்டு பேருமே பேசவில்லை.

அப்பா பதினைந்து வயதில் பட்டறைக்குப் போனவர், நாற்பத்தெட்டு வருடம் மாங்காய் வடிவத்தில் செய்கிற மாங்காய்ப் பூட்டுதான். சாவியைப் போட்டுத் திருகிப் பார்ப்பார், எடுத்து உள்ளே இருக்கும் லீவரை அரத்தால் இரண்டு இழுப்பு தேய்ப்பார், மறுபடி சாவி. எங்கே இடிக்கிறது என்று காதிலேயே தெரிந்துவிடும். அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு பாதி விலைக்கு வந்து இறங்கியபோது கூட வேலை பார்த்தவர்கள் பலர் மில்லுக்கும் கட்டிட வேலைக்கும் போய்விட்டார்கள், இவர் போகவில்லை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் போனில் பெருமையாகச் சொன்னேன். "கூலி ஏறுமாடா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் பட்டறையில் ஏறவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தலையணை உறையைத் துவைக்கும்போது வாளியின் அடியில் பித்தளைப் பொடி மினுக்கும், அம்மா அதற்குத் திட்டுவாள், அதுவும் தெரியும். ஆனால் அவர் தாடிக்கு ஒரு பிளேடு முழுசாகச் செலவாகும் என்று தெரியாது. என் சொந்த அப்பா. சந்து முனையில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரும் அந்த மீதிப் பாதிக்கு ஒருநாள்கூடக் கூடுதலாக வாங்கியதில்லையாம், நான் பிற்பாடு விசாரித்தேன்.

அன்று பணம் கொடுக்கப் போனேன். பஸ் செலவுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். கையைத் தள்ளிவிட்டார். "கணக்குல எழுதிக்கிறேன், அண்ணன் வந்து குடுப்பாரு" என்றார். அவருக்கும் அப்பாவின் நிலை தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் மூன்று நாள் ஓட்டினேன்.

புதன்கிழமை அப்பா போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் கிடத்தியபோது அம்மா கன்னத்தைத் தடவிவிட்டு, "சுத்தமா இருக்காரு" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

திருப்பூருக்குப் போனபின் வருடத்துக்கு மூன்று நாலு தடவைதான் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன், அதுவும் சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு மத்தியானம் கிளம்பிவிடுவேன். இனி மாதம் ஒரு தடவையாவது வருவேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்லிவைக்கிறேன். வராவிட்டால் போன் பண்ணித் திட்டுங்கள்.

அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்களா தெரியவில்லை, யாராவது படித்துக் காட்டினால் சரி. மொட்டை போட்ட தலையில் வெட்ட இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கடைக்கு வருவேன். நோட்டைத் திறந்து அப்பா கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். பஸ் காசும்தான்.