பழைய போனுக்கும் அந்த ஒரு சுவிட்சைக் கொடுங்கள்

கைபேசி நிறுவனத்தின் மென்பொருள் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் பெயரை எழுதப் போவதில்லை, படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். ஸ்டோரேஜில் கொஞ்சத்தை ராம் மாதிரி பயன்படுத்த உங்கள் புது மாடலில் ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அதைப் பழைய போனுக்கும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் போனில் சார்ஜிங் பின் ஆடுகிறது, மாற்ற வேண்டும். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது, காசு கொடுத்தே மாற்றிக்கொள்கிறேன் என்றுதான் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி போனை ஆன் செய்து பார்த்துவிட்டு, "ரூட் பண்ணியிருக்கீங்க சார், நாங்க தொட மாட்டோம், பழைய சாஃப்ட்வேரை ஏத்திக்கிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எதற்காக ரூட் செய்தேன், அதாவது போனின் முழுக் கட்டுப்பாட்டையும் ஏன் என் கைக்கு எடுத்துக்கொண்டேன் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவருடைய தலைக்குப் பின்னால் இருந்த போஸ்டரைக் காட்டியிருப்பேன். உங்கள் புது மாடல். 4 + 4 = 8 ஜிபி ராம். கூட்டலுக்குப் பக்கத்தில் கொசு மாதிரி ஒரு நட்சத்திரக் குறி. சார், நான் செய்ததும் அந்த இரண்டாவது 4 தான்!

அது ராம் இல்லை, ஓடுகிற ஆப்களுக்கு ராமில் இடம் போதாதபோது கொஞ்சத்தைத் தள்ளி வைக்க ஸ்டோரேஜில் ஓர் இடத்தை ஒதுக்குவது, அதாவது ஸ்வாப் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்கள் செய்தால் அதற்குப் பெயர் புதுமை, போஸ்டர் அடிக்கிறீர்கள். 2021 இல் உங்களிடமே வாங்கிய 3 ஜிபி போனில் நான் செய்தால் குற்றம்.

ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். வாங்கிய புதிதில் போன் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு அப்டேட் வந்த பிறகு ஒரு ஆப்பை விட்டு இன்னொன்றுக்குப் போனால் முந்தையது செத்துவிடும். அம்மா கேஸ் புக் செய்யவோ ரயில் டிக்கெட் போடவோ எல்லாவற்றையும் நிரப்பி முடித்ததும் ஓடிபி வரும், அதைப் பார்க்க மெசேஜைத் திறப்பார், ஆறு எண்ணையும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு திரும்பி வருவார், வந்தால் ஆப் முதலிலிருந்து திறக்கும். "திரும்பவும் முதல்லேர்ந்து கேக்குதுப்பா." மறுபடி நிரப்பினால் புது ஓடிபி, தாளில் எழுதியது வீண். ஒரு நாள் அந்தத் தாளில் ஏழு ஓடிபி இருந்தது, ஆறை அடித்திருந்தார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டு, ஓடிபியை அதில் பார்த்து இதில் அடிப்பது. ஓடிபி படிப்பதற்கென்றே ஒரு தனி போன்! அறுபத்து நான்கு வயதில் மனுஷி உங்கள் ராம் பற்றாக்குறைக்கு வன்பொருள் தீர்வு கண்டிருக்கிறார், நீங்கள்தான் ஒரு மென்பொருள் தீர்வு தர மாட்டேன் என்கிறீர்கள்.

அதைப் பார்த்த பிறகுதான் பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் நிரலின் பூட்டைத் திறந்தேன். போனில் இருந்தது எல்லாம் அழிந்தது, போட்டோக்களை முன்பே எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். ரூட் தரும் மேஜிஸ்க் என்ற கருவியைப் போட்டு ரூட் கிடைத்ததும், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்வாப்களைக் காட்டும் ஸ்வாப்ஸ் என்ற கோப்பை ப்ராக் கோப்புறையில் திறந்து பார்த்தால், அங்கே ஏற்கெனவே ஒரு வரி இருக்கிறது: இசட்ராம்0. ராமிலேயே ஒரு பகுதியை எடுத்து, இப்போதைக்குத் தேவைப்படாத தரவைச் சுருக்கி வைப்பதற்காக நீங்களே வைத்தது. ஆண்ட்ராய்டு 4.4 காலத்திலிருந்து, அதாவது 2013 இலிருந்து, இருக்கிற வசதிதான். ஆண்ட்ராய்டின் அடித்தளமான கர்னலில் ஸ்வாப் வசதி இல்லாமல் இசட்ராமை இப்படி ஸ்வாப்பாக ஓட்டவே முடியாது. ஆக இந்த போனில் ஸ்வாப்புக்கு வேண்டியது எல்லாம் நீங்கள் விற்ற அன்றே இருந்தது, செட்டிங்ஸில் ஒரு சுவிட்ச்தான் இல்லை. நான் கேட்பது அந்த ஒரு சுவிட்சை.

நான் முதலில் மெமரி கார்டில் ஸ்வாப் போட்டேன், அது என் முட்டாள்தனம். கார்டில் கிளாஸ் 10 என்று இருந்தால் வரிசையாக எழுதும்போது நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும் என்று பொருள், ஸ்வாப்போ 4 கேபி துண்டுகளாக அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதும். போன் அப்படியே உறைந்து நின்றது. பிறகு உள் ஸ்டோரேஜிலேயே டிடி கட்டளையில் ஒரு எம்பி வீதம் 1024 முறை பூஜ்ஜியம் எழுதி 1 ஜிபிக்கு ஒரு கோப்பு, அதை ஸ்வாப்பாக மாற்ற எம்கேஸ்வாப் கட்டளை, அப்புறம் அதை ஓடவிட ஸ்வாப்ஆன். மூன்று வரி. இசட்ராமுக்கு முன்னுரிமை கூட்டி, கோப்புக்குக் குறைத்து வைத்தேன், ராமில் சுருக்கி வைக்க இடம் தீர்ந்த பிறகே ஸ்டோரேஜைத் தொடும். அணைத்து ஆன் செய்தால் ஸ்வாப் போய்விடும் என்பதால் மேஜிஸ்க்கின் சர்வீஸ் கோப்புறையில், ஆன் ஆகும்போதெல்லாம் தானே ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அவ்வளவுதான். என் மாதிரி ஆள் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து செய்கிற வேலை.

போன் வேகமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஸ்வாப் ஒருநாளும் ராம் ஆகாது, ஆப் மாறும்போது ஒரு மூச்சு யோசிக்கும். ஆனால் ஆப் சாகவில்லை. ஓடிபி பார்த்துவிட்டுத் திரும்பினால் அதே பக்கம், கர்சர் அதே கட்டத்தில் துடித்துக்கொண்டு நிற்கிறது. பட்டன் போன் பீரோவுக்குள் போய்விட்டது.

எல்லாம் சரியாகவில்லை. ரூட் செய்த போன் என்பதால் வங்கி ஆப் இப்போது திறக்க மறுக்கிறது, அம்மாவின் வங்கி வேலையை வங்கித் தளத்துக்குப் போய் நான்தான் செய்து கொடுக்கிறேன். ஓர் ஆப் சாகாமல் இருக்க வழி செய்தால் இன்னோர் ஆப் பிறக்கவே மாட்டேன் என்கிறது. வங்கியைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அவர்கள் பயம். ரூட் இல்லாமலே இந்த வேலையை நீங்கள் செய்து தந்திருந்தால் இந்த இக்கட்டே இல்லையே?

ஸ்டோரேஜ் தேய்ந்துவிடும் என்பீர்கள். உண்மைதான், ஃபிளாஷ் நினைவகத்தில் எழுத எழுத ஆயுள் குறையும். போஸ்டரில் இருக்கும் புது மாடலில் மட்டும் அது தேயாதா? அதில் எழுதிக்கொண்டே இருக்கலாம், இதில் கூடாது என்றால் காரணத்தைச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். வேண்டுமானால் சுவிட்சுக்குக் கீழே ஓர் எச்சரிக்கை போடுங்கள், நட்சத்திரக் குறியும் போட்டுக்கொள்ளுங்கள், அதில்தான் உங்களுக்குக் கை தேர்ந்திருக்கிறதே. 2008 இல் முதல் ஆண்ட்ராய்டு போனாக வந்த எச்டிசி டிரீமில் 192 எம்பி ராம்தான், அதை வைத்திருந்தவர்கள் மெமரி கார்டில் பகுதி பிரித்து ஸ்வாப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். புதிதாக நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருக்கும் லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு என்ற திறந்த மூல உரிமத்தில் வருவது, போனோடு அதைக் கொடுப்பவர் அதன் மூல நிரலையும் கேட்பவருக்குத் தர வேண்டும். அதைக் கேட்டு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்" என்று பதில். நட்சத்திரம் என்றால் உங்களுக்கு அத்தனை பிரியம். நாங்கள் கேட்காத மூன்று விளையாட்டு, ஒரு கடை, லாக் ஸ்கிரீனில் விளம்பரம், இவற்றுக்கெல்லாம் அந்த 3 ஜிபியில் இடம் இருக்கிறது, ஒவ்வோர் அப்டேட்டிலும் தவறாமல் வருகிறது. அம்மாவின் டிக்கெட் பக்கத்துக்குத்தான் இடம் இல்லை. அழிக்கலாம் என்றால் அழிக்க முடியாது, 'முடக்கு' என்ற எழுத்துகூட மங்கலாகக் கிடக்கிறது...

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன். 2 ஜிபி, 3 ஜிபி ராமில் நீங்கள் விற்ற பழைய மாடல்களுக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்புங்கள். புது மாடலில் இருக்கிற அதே சுவிட்ச். அணைந்த நிலையிலேயே வரட்டும், வேண்டியவர்கள் போட்டுக்கொள்கிறோம். பெரிய ஆண்ட்ராய்டு பதிப்பு வேண்டாம், கேமராவுக்குப் புது வித்தை எதுவும் வேண்டாம். அது வந்த அன்றைக்கே ரூட்டை எடுத்துவிட்டு, பூட்லோடரையும் பூட்டிவிட்டு உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வருகிறேன். அதுவரை சார்ஜர் வயரை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டித்தான் வைத்திருக்கிறோம்.

மாடல் எண்ணும் பில் நகலும் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய போன் வாடிக்கையாளர் ஒருவரின் மகன்