முடி வளர்ந்த பிறகும் சிகிச்சை முடிவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பற்றிப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் பெரும்பாலும் இரண்டு காட்சிகள்: பணம் கேட்டு நிற்கும் பெற்றோர், பிறகு குணமாகிச் சிரிக்கும் குழந்தை. இடையில் வீட்டில் நடக்கும் ஒன்றரை, இரண்டு வருட மாத்திரைக் காலம் பற்றி யாரும் எழுதுவதில்லை. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ஏ.எல்.எல். (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா) வகையில், சிகிச்சை நழுவுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதல் மாதக் கீமோ முடியும்போதே பல குழந்தைகளுக்கு ரத்தத்தில் புற்றணுக்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எலும்பு மஜ்ஜையில் ஒளிந்திருப்பவை அப்படியே இருக்கும். அவற்றைத் துரத்தத்தான் அடுத்த சில மாதத் தீவிர கீமோவும், அதற்குப் பிறகு வீட்டு மாத்திரைகளும். அதற்குள் முடி வளர்ந்துவிடும், பிள்ளை ஓடி விளையாடும். "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மருந்து?" என்று வீட்டுப் பெரியவர்களே கேட்பார்கள்.

தினமும் இரவு மெர்காப்டோப்யூரின் மாத்திரை. மாதத்தில் இரண்டு நாள் விட்டால் என்ன என்று தோன்றும். அதற்கு மேல் விட்டுப்போகும் குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடுவதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால் குடித்துவிட்டான், தூங்கிவிட்டான் என்று அன்றைய மாத்திரையை விடுவது வேண்டாம். மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகக் கொடுப்பதும் கூடாது. கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) குறைந்திருக்கிறது என்று தாங்களாகவே நிறுத்தும் பெற்றோர் உண்டு. கவுண்ட் ஓரளவு தாழ்ந்தே இருக்கும்படி பார்த்துத்தான் அளவையே வைக்கிறார்கள். நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான். அளவு மாறும்போது "திங்கள் முதல் வெள்ளி ஒன்று, சனி ஞாயிறு அரை" என்று எழுதித் தருவார்கள். அதை அன்றைக்கே தினசரி காலண்டர் தாளில் எழுதிவிட்டால், கொடுத்ததும் கிழித்துவிடலாம். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். இரண்டரை மில்லிகிராம் மாத்திரையில் நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரே வேளையில் ஐந்தாறு வரும். இதைத் தினமும் கொடுத்துவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி மஜ்ஜை முடங்கி உயிருக்கே ஆபத்து. தனி டப்பாவில் வைத்து, மேலே கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பாட்டியோ அத்தையோ மாத்திரை கொடுக்கும் வீடுகளில் இது இரட்டிப்புக் கட்டாயம்.

"ரத்தம் ஊறட்டும்" என்று உறவினர்கள் வாங்கிவரும் டானிக் இன்னொரு கண்ணி. அதில் பெரும்பாலும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் இருக்கும். அதைத் தடுத்துத்தான் மெத்தோட்ரெக்சேட் வேலை செய்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய ஃபோலிக் எதிர்ப்பு மருந்தைக் கொண்டுதான், பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவாவது அடக்க முடியும் என்று 1948இல் காட்டினார். அந்தப் பாதையில் வந்த மருந்தை டானிக் பாட்டிலால் தோற்கடித்துவிடாதீர்கள். எதைக் கொடுப்பதானாலும் டாக்டரிடம் பாட்டிலைக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

காய்ச்சல்தான் அவசரம். ஒரு முறை 101 டிகிரி, அல்லது 100.4 ஒரு மணி நேரம் நீடித்தால், நள்ளிரவானாலும் புறப்பட வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்பதில்தான் பிள்ளைகள் கைநழுவுகிறார்கள். சூடு இறங்கும், கிருமி இறங்காது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் ஏறியாக வேண்டும். ஊர் டாக்டரிடம் போக நேர்ந்தால் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் கொடுங்கள். அதில் மொத்த வெள்ளையணு 1800, அதில் நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் வெள்ளையணு) 20 சதவீதம் என்றிருந்தால் நியூட்ரோஃபில் கணக்கு 360. 500க்குக் கீழே என்றால் எந்தக் காய்ச்சலும் சாதாரணக் காய்ச்சல் இல்லை. இடுப்பு ஊசி வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்; ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைவாக இருந்தால் ரத்தம் உள்ளேயே கட்டிக்கொள்ளும். தொலைவிலுள்ள ஊர்களுக்குப் போகும் பிள்ளைகளுக்கு எல்லாப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளும் இந்த விவரங்களைத் தமிழில் அச்சடித்த ஒரு அட்டையாகத் தந்து அனுப்பினால் எத்தனையோ உயிர் மிஞ்சும். உங்கள் பத்திரிகை இதை வலியுறுத்த வேண்டும்.

சாப்பாட்டில் பத்தியம் தேவையில்லை. நன்றாக வெந்து, சூடாக இருந்தால் போதும். ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் வாரங்களில் பிள்ளை இரவு இரண்டு மணிக்கு எழுந்து இட்லி கேட்கும், அடம்பிடிக்கும். அது மருந்தின் வேலை, அடிக்காதீர்கள்.

அடுத்தது சின்னம்மை. நம் ஊரில் வேப்பிலை கட்டி, மருந்து கொடுக்காமல் தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை காத்திருப்பது வழக்கம். இந்தக் குழந்தைக்கு அது ஆகாது. நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவிவிடும். அம்மை கண்டவரோடு ஒரே அறையில் இருந்தது தெரிந்த அன்றே, கொப்புளம் வரும்வரை காத்திராமல், ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு ஊசி முதல் நான்கு நாளுக்குள் போட்டால்தான் நன்றாகப் பலன் தரும். அதே வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்குச் சொட்டு மருந்துக்குப் பதில் போலியோ ஊசி கேட்டு வாங்குங்கள். சொட்டில் இருப்பது உயிருள்ள கிருமி.

பள்ளி ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான்: வகுப்பில் எந்தப் பிள்ளைக்காவது அம்மை என்று தெரிந்தால், அன்று மாலைக்குள் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு போன் செய்யுங்கள்.

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்,
மதுரை.