ஜெர்மன் ஓவியர் அடோல்ஃப் மென்செல் ஐயாவுக்கு

அன்புள்ள மென்செல் ஐயா,

உங்களுடைய இரும்பு உருட்டாலை ஓவியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாருடைய கண்ணும் முதலில் நடுவில் இருக்கும் வெளிச்சத்துக்குத்தான் போகும். பழுக்கக் காய்ந்த இரும்பை நீளக் குறடுகளால் பிடித்து உருளைகளுக்கு இடையே தள்ளுகிறார்கள், அது தண்டவாளமாக நீண்டு வரப்போகிறது, அந்தச் சூட்டில் ஒருவராவது முகத்தைத் திருப்பாமல் நிற்க முடியுமா? சரி, அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு இந்தப் படம் வலது மூலையில்தான் தொடங்குகிறது.

அங்கே ஒரு தகரத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சில பேர் சாப்பிடுகிறார்கள். கூடையோடு வந்த பெண் குனிந்தபடியே நம்மை நேராகப் பார்க்கிறாள். இடப்பக்கம், வேலை முடிந்தவர்கள் சட்டையில்லாமல் கழுவிக்கொள்கிறார்கள். ஷிப்ட் மாறுகிற நேரம். உருளைகள் மட்டும் நிற்கவே இல்லை, அதனால்தான் ஒருவர் சாப்பிடுவதும் இன்னொருவர் வேகுவதும் ஒரே கூரையின் கீழ் பத்தடி தள்ளி நடக்கிறது. இதை நீங்கள் பார்த்தீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

பிரஷ்யாவின் ஃப்ரெடரிக் மன்னர் புல்லாங்குழல் வாசிக்கும் கச்சேரியை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வரைந்தவர் நீங்கள். ஐந்தடிகூட உயரமில்லாத, ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், 1872-ல் சைலேசியாவின் கோனிக்ஸ்ஹூட்டே ஆலைக்குள் (இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது) போய், ஆட்கள் ஓடுகிற இடத்தில் நின்றுகொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைக் கோடுகோடாகப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். குறடு பிடிக்கும் கையில் எந்தத் தசை இறுகும், பாரவண்டியைத் தள்ளும்போது முதுகு எப்படி வளையும் என்பதெல்லாம் அங்கே நின்று பார்க்காமல் வராது. 1875-ல் முடித்த அந்த இரண்டரை மீட்டர் அகலக் கித்தானில், ஆலையின் அதிகாரி வட்டத் தொப்பியோடு இடப்பக்கம் பின்னால் சின்னதாக நிற்கிறார். அதுவும் எனக்குப் பிடித்தது.

அப்புறம் ஒரு வருத்தம். உங்கள் படத்துக்கு 'நவீன சைக்ளோப்கள்' என்றும் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. நீங்கள் வரைந்ததில் கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கர் யாரும் இல்லை ஐயா, பசித்த, களைத்த, அடுத்த ஷிப்டுக்குத் தயாராகிற ஆட்கள்தான் இருக்கிறார்கள். அவர்களைப் புராணத்துக்குள் தூக்கிவிட்டால் அந்தச் சாப்பாட்டுக் கூடைக்கு அங்கே என்ன வேலை?

இனி யாருக்காவது இந்தப் படத்தைக் காட்டினால் அந்தக் கூடையிலிருந்துதான் சொல்ல ஆரம்பிப்பேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகர்களில் ஒருவர்