பாப்பாவுக்கு, குட்டி ஸ்கூல் விஷயமா

பாப்பா,

போன் எடுக்க மாட்டேங்கற, சரி, வேலையா இருப்ப, அதான் உக்காந்து டைப் பண்றேன், கண்ணாடி வேற பழசு, எழுத்துப் பெழை இருந்தா பொறுத்துக்கோ. உடனே பதில் போடணும்னு இல்ல. இங்க ஆடிக் காத்து விடவே இல்ல, தொவச்ச துணி மூணு நாளா ஈரமாவே கெடக்கு. அம்மாயி நல்லா இருக்கு, காலு வலி மட்டும்தான். பச்சைத் தேயிலை வெலை இந்த மாசமும் ஏறல, உங்க மாமா பொலம்பிக்கிட்டே இருக்கான். நம்ம பால்வாடி சென்டர்ல ராத்திரி கரடி வந்து கதவ ஒடச்சு சத்துமாவு மூட்டையக் கிழிச்சு மொத்தமும் நக்கிட்டுப் போயிருச்சு, புது டீச்சர் பாவம் சின்னப் பொண்ணு, காலைல வந்து பாத்துட்டு எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணுச்சு, நான் போயி ஆயாவோட சேந்து கூட்டிக் குடுத்துட்டு வந்தேன். அது இருக்கட்டும், குட்டி இன்னிக்கு ஸ்கூல் போனானா?

சண்டைக்கு வரல. ஊருக்கு வந்தப்ப, குட்டி ஸ்கூல் கேட்டுக்கு வெளிய காவலுக்கு உக்காராதன்னு நான் சொன்னது உனக்குக் கோவம், தெரியும். அம்மாவா சொன்னாத்தான உனக்குப் புடிக்காது, பால்வாடி டீச்சர் சொல்றான்னு வெச்சுக்கோ. ஜூன் மாசம் பொறந்தா எத்தனை பிள்ளைங்க என் சேலையப் புடிச்சுக்கிட்டு மூக்கு ஒழுக அழுதிருக்கும்னு உனக்கே தெரியும், நீயும் அங்கதான உக்காந்து பாத்த. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டு அம்மாங்களுக்கு ஏழரைக்கெல்லாம் கொழுந்துக்கு ஏறணும், நின்னு கொஞ்ச நேரமில்ல, சில பேரு பொம்மையக் காட்டி ஏமாத்திட்டு பின்னாடி கதவால நழுவிருவாங்க. அந்தப் பிள்ளைங்கதான் சாயங்காலம் வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டு கெடக்கும், சோறு எறங்காது, அடுத்த நாள் இன்னும் மோசமாப் புடிச்சுக்கும், ஏன்னா அம்மா எப்ப மாயமாப் போவான்னு அதுக்குத் தெரியாதில்ல. "நான் போறேன், சோறு தின்னு தூங்கி எந்திரிச்சா வந்துருவேன்"னு மூஞ்சியப் பாத்து சொல்லிட்டு திரும்பிப் பாக்காம விறுவிறுன்னு போறா பாரு, அவ பிள்ள கொஞ்ச நேரம் கத்தும், அப்பறம் சொப்பு சாமான எடுத்துக்கும். ஒளிஞ்சு போகாத பாப்பா, சொல்லிட்டுப் போ. சொன்ன நேரத்துக்கு வா.

கைப்பிள்ளைக்கு இந்த அழுக, பிரிவுப் பதட்டம்னு சொல்றாங்க, நோயே இல்ல, எங்க ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்ததுதான், ஏழெட்டு மாசத்துல ஆரம்பிக்கும், ஒன்னு ஒன்றரை வயசுல உச்சத்துக்குப் போகும், ரெண்டு மூணு வயசுல தானாக் கொறையும், தன் ஆளு யாருன்னு பிள்ளைக்கு வெளங்கிருச்சுன்னு அர்த்தம். ஜான் பவுல்பின்னு இங்கிலாந்து டாக்டர் ஒருத்தர் ஆயுசு பூரா இதையே ஆராய்ச்சி பண்ணாராம். ஆனா குட்டிக்கு அஞ்சு முடிஞ்சிருச்சு. ஸ்கூல் தொறந்து ரெண்டு மாசம் ஆச்சு, டாக்டருங்க கணக்கு நாலு வாரம்தான், பிள்ளைங்களுக்கு நாலு வாரத்துக்கு மேல விடாம இருந்து ஸ்கூல் போறதையே கெடுத்துச்சுன்னா டாக்டர்கிட்ட காட்டணும். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் வயிறு வலி, சனிக்கிழமை அவன் வயித்துக்கு லீவு. அதுக்காக நடிக்கிறான்னு திட்டிராத, பயத்துல நெஜமாவே வயிறு பிசையும், வலி பொய் இல்ல. ஸ்கேன் நார்மல்னு சொன்னியே, அதோட வயித்த விட்டுரு, பயத்தப் பாரு.

நீ அழவே மாட்ட. மொத நாள் பால்வாடிக்குள்ள ராணி மாதிரி போயி உக்காந்தன்னு உங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. டீச்சரே நான்தான, எங்கிருந்து அழுவ. ஆனா காலேஜ் ஹாஸ்டல்ல விட்டப்பவும் நீ அழல, நான்தான் மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ல அழுதுக்கிட்டு வந்தேன். மெட்ராஸுக்குத் தனியா வேலைக்குப் போன மொத பொண்ணு நம்ம லயன்ல நீதான். அந்தத் தைரியமான பிள்ள ஸ்கூல் கேட்டுக்கு வெளிய ஸ்கூட்டில மூணு மணி நேரம் உக்காந்திருக்குன்னா எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. லீவுக்கு சம்பளம் புடிக்கிறாங்களாமே, அதக் கூட என்கிட்ட சொல்லல நீ.

நான் ஒன்னு பண்ணேன், திட்டாத. நம்ம ஹெல்த் சென்டருக்கு மாவட்ட மனநலத் திட்டத்துல இருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தாங்க, நான் போயி ஓரமா உக்காந்து, தெரிஞ்ச வீட்டுப் பையன் ஒருத்தன் ஸ்கூல் போக மாட்டேங்கறான்னு ஆரம்பிச்சேன். அவங்க நல்லாக் கேட்டாங்க. பிரிவுப் பதட்டத்துக்கு மனநல டாக்டருங்க வெச்சுப் பாக்கற டிஎஸ்எம் புஸ்தகத்துல எட்டு அடையாளம் இருக்காம், மூணு இருந்தாலே போதுமாம். நமக்கு வேண்டியவங்களப் பிரியறப்ப அளவுக்கு மீறித் தவிக்கிறது, அவங்களுக்கு எதாவது ஆயிருமோன்னு ஓயாத நெனப்பு, நம்மள அவங்ககிட்ட இருந்து பிரிக்கிற மாதிரி ஒன்னு நடந்துருமோங்கற பயம், வெளிய போகத் தயக்கம், வீட்டுல தனியா இருக்க முடியாம போறது, அவங்க பக்கத்துல இல்லாம தூங்க முடியாது, பிரியற மாதிரியே கெட்ட கனவு, தலைவலி வயித்துவலி வாந்தி. சொல்லச் சொல்ல நான் மனசுக்குள்ள குட்டிக்கு எத்தனைன்னு எண்ணிக்கிட்டு வந்தேன், எண்ணறப்பவே வேற ஒருத்தர் ஞாபகம் வந்துருச்சு, "இது பெரியவங்களுக்கும் வருமா மேடம்"னு கேட்டேன். அவங்க என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, வரும்மா, முன்னாடியெல்லாம் 18 வயசுக்குள்ள ஆரம்பிச்சிருந்தாத்தான் இந்தப் பேர வெப்போம், 2013ல வந்த புஸ்தகத்துல அந்த வயசுக் கணக்க எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. பெரியவங்களுக்குப் பொதுவா ஆறு மாசம் பாப்பாங்களாம். 18 நாட்டுல எடுத்த கணக்கு 2015ல வந்துச்சாம், ஆயுசுல எப்பவாச்சும் இது வந்தவங்க நூத்துக்கு 4.8 பேரு, அதுல 43 சதவீதம் பேருக்கு 18 வயசுக்கு அப்பறம்தான் ஆரம்பமே. இத வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவங்கள்ள ஆஸ்திரேலியாவுல விஜயா மாணிக்கவாசகர்னு ஒரு அம்மா, பேரக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம்.

மாப்பிள்ளை மஸ்கட் போயி இந்த மாசத்தோட ஆறு மாசம் ஆச்சு, இல்ல?

அம்மாயி கதை உனக்குத் தெரியும், ஆனா நீ வேற மாதிரி கேட்டிருக்க, கப்பல் கதையா. இலங்கைத் தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்பற 1964 ஒப்பந்தத்துல பேரு இருந்துச்சுன்னு 73ல தலைமன்னார்ல கப்பல் ஏறுனப்ப அதோட அண்ணன் ஹட்டன்லயே நின்னுட்டாரு, சீக்கிரம் வந்துருவேன்னாரு, வரவே இல்ல. எனக்கு அப்ப ஒம்பது வயசு. அதுக்கப்பறம் அது எங்க ஒருத்தரையும் கண்ண விட்டு மறைய விட்டதில்ல. ஆறு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனா வளைவுல வந்து நிக்கும், மழையானாலும் நிக்கும், நாங்க வந்தா அடிக்கும், அடிச்சுட்டு அழும். அதுக்காக வீடே மாறிருச்சு பாப்பா. நான் கோயமுத்தூர்ல படிக்கக் கெடச்சதுக்குப் போகல. உங்க மாமா திருப்பூர் வேலைய விட்டுட்டு வந்தான். நாங்க யாரும் இத பயம்னு சொல்லல, பாசம்னுதான் சொன்னோம். இப்ப எம்பது தாண்டியும் நான் ரேஷன் கடைக்குப் போனாக்கூட பக்கத்து வீட்டுப் பையன அனுப்பிப் பாக்கச் சொல்லுது.

டாக்டரம்மா சொன்னதுல எனக்கு ஒறைச்சது இதுதான். பயந்தவங்களுக்காக சுத்தி இருக்கறவங்க எவ்வளவு வளைஞ்சு குடுக்கறாங்களோ அவ்வளவுக்கு பயம் வேர் புடிக்கும். கேட்டுக்கு வெளிய நீ உக்காந்திருக்கறது குட்டிக்கு என்ன சொல்லுதுன்னா, உள்ள ஆபத்து இருக்குடா அதான் அம்மா காவலுக்கு நிக்கிறேன்னு சொல்லுது. அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில லெபோவிட்ஸ்னு ஒருத்தர் பிள்ளையக் கூப்புடாம அப்பா அம்மாவ மட்டும் உக்கார வெச்சு, எத எப்படி விடறதுன்னு பழக்குறாராம், பிள்ளைக்கே நேரா குடுக்கற சிகிச்சை அளவுக்கு அதுவும் வேலை செய்யுதுன்னு 2020ல வந்த ஆராய்ச்சி. பயமா இருக்குன்னு எனக்குத் தெரியுது, ஆனா உன்னால முடியும்னும் தெரியும், இந்த ரெண்டையும் சேத்து சொல்லணுமாம். ஒன்ன மட்டும் சொன்னா எடுபடாது.

சரி, சுத்தி வளைச்சது போதும். மாப்பிள்ளை போன் பண்ணாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னு கெஞ்சுனாரு, நான் சொல்லிட்டேன். குறையா சொல்லல அவரு, அழுதுட்டாரு. அரை மணி நேரம் பதில் வரலன்னா சூப்பர்வைசருக்கே போன் பண்றியாம், ராத்திரி வீடியோ கால ஓடவிட்டுத்தான் தூங்கறியாம், அவரு ஷிப்ட்ல இருக்கறப்ப லொகேஷன் நகரலன்னா உனக்கு மூச்சு முட்டுதாம். பாப்பா, உங்க மாமா மேட்டுப்பாளையம் பஸ்ல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு எறங்குனானே, ஈசிஜி எத்தனை தடவ எடுத்தாலும் நார்மல்னு வந்துச்சே, அதுக்கப்பறம் பஸ்ஸே ஏற மாட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் கீழ எறங்காம இருக்கானே, அதுக்கும் பேரு இருக்கு, பேனிக்காம், பஸ்ஸு கூட்டம்னு ஒவ்வொன்னா ஒதுங்கறது அகோராபோபியாவாம். எல்லாம் ஒரு வகையறாதான், ஒன்னு இருந்தா இன்னொன்னும் சேந்துக்குமாம். சென்டர்ல வாயே தொறக்காம இருந்து வீட்டுக்குப் போனதும் பொரிஞ்சு தள்ளுவாளே அந்த ட்ரைவர் பொண்ணு, திமிருன்னு சொன்னோம், அதுவும் பதட்டம்தானாம்.

உனக்கு எப்ப ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியும். உங்கப்பா தவறுன அந்த ராத்திரிக்கு அப்பறம் நீ போன சைலண்ட்ல போட்டதே இல்ல. அத்தனை மிஸ்டு காலையும் டெலீட் பண்ணாம வெச்சிருந்தியே, நான் பாத்திருக்கேன். நீ எடுத்திருந்தாலும் ஒன்னும் ஆயிருக்காதுடி. ஆம்புலன்ஸ் அரவேணு தாண்டறதுக்குள்ளயே முடிஞ்சிருச்சு, உனக்கு மொத கால் போடறப்பவே அவரு இல்ல, கேக்க ஆளு இல்லாம போட்டுக்கிட்டே இருந்தேன். இத யாரும் உன்கிட்ட சொல்லலன்னு நெனைக்கறேன். நேரா பாத்து சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்கும் நீ போன் எடுக்கலன்னா படபடங்குது, அதுக்காக நான் சமைக்காமலா இருக்கேன், சீட்டுக் காசு கட்டாமலா இருக்கேன். வேலைய விடற அளவுக்கு, தூக்கம் போற அளவுக்கு வந்தா அது பாசத்த தாண்டிருச்சுன்னு அர்த்தம். டாக்டரப் பாரு. மொதல்ல தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க, எடுத்துரு, தைராய்டு ஏறினாலும் இப்படித்தான் படபடங்கும். சிபிடின்னு ஒரு பேச்சு சிகிச்சை இருக்கு, பயந்த விஷயத்த கொஞ்சம் கொஞ்சமா பழக்கறது, மலை ரோட்டுல வண்டி பழகறவன் மொத நாளே மேட்டுப்பாளையம் எறங்கறதில்லையே அது மாதிரி. இன்னிக்கு லொகேஷன் பாக்காம பத்து நிமிஷம், அப்பறம் அரை மணி. கையி நடுங்கத்தான் செய்யும், நடுங்கி தானா அடங்கறத நீ இருந்து பாக்கணும், அதுதான் மருந்தே. மாத்திரை குடுத்தா வாங்கிக்கோ, செர்ட்ரலின் மாதிரி மாத்திரைங்க வேலை செய்ய சில வாரம் ஆகும், நாலு நாள்ல ஒன்னும் தெரியலன்னு நிறுத்திராத, நல்லா ஆனதும் நீயா நிறுத்தவும் கூடாது. மெடிக்கல்ல கேட்டு தூக்க மாத்திரை மட்டும் வாங்கிராத, அது பழக்கமாயிரும், சொல்லிட்டேன். காபிய கொற. நேர்ல போக கூச்சமா இருந்தா 14416க்கு அடி, டெலிமானஸ், கவர்மெண்ட்டோட மனநல உதவி நம்பர், காசு இல்ல, ராத்திரி பகல் எப்ப வேணா தமிழ்லயே பேசலாம்.

குட்டிய ஸ்கூல்ல விடறப்ப சொல்லிட்டுப் போ, ஒளிஞ்சு போகாத. கேட்டுக்கு வெளிய உக்காராதன்னு இப்பவும் சொல்றேன், கோவம் வந்தாலும் வரட்டும். ஒரே நாள்ல வேணாம், இந்த வாரம் மூணு மணி நேரத்த ஒரு மணி நேரமாக்கு, அடுத்த வாரம் டீக்கடை வரைக்கும் போ.

அடுத்த வெள்ளிக்கிழமை நீலகிரி எக்ஸ்பிரஸ்ல ஏறி வரலாம்னு இருக்கேன், காலைல அவன ஸ்கூல்ல விட நான் போறேன், நீ ஆபீஸ் போ. அம்மாயிகிட்ட எட்டு நாள்ல வந்துருவேன்னு காலண்டர்ல வட்டம் போட்டுக் காட்டி சொல்லிட்டேன், ரெண்டு நாளா பேசல, மூஞ்சிய திருப்பிக்கிட்டு இருக்கு, இருக்கட்டும். வர்க்கி வாங்கிட்டு வரேன், பட்டர் பீன்ஸ் வேணுமான்னு சொல்லு. டிக்கெட் போடவா வேணாமா, அத மட்டும் அனுப்பு. மாப்பிள்ளைய கேள்வி கேக்காத, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன்னு வெச்சுக்கோ.

அம்மா